ஈரலைப் பார்த்தார்கள், நாயை விட்டுவிட்டார்கள்

பாபிலோன் ராஜாவுக்கு ஒரு சந்தேகம் வந்தால் முதலில் சாவது ஓர் ஆடு. போருக்குப் போகலாமா, கோவில் கட்டலாமா, எதுவானாலும் சரி. பூசாரி வருவார், ஆட்டை அறுப்பார், ஈரலைச் சுடச்சுடக் கையில் எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்ப்பார். ஸ்கேன் ஃபிலிமை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு ரேடியாலஜிஸ்ட் ஒருவர் "ம்ம்ம்..." என்று இழுப்பாரே, அதே "ம்ம்ம்". ஒரே வித்தியாசம், பேஷண்ட் ஏற்கெனவே காலி. ரிப்போர்ட் ராஜாவுக்கு.

இது ஏதோ தெருவோர ஜோசியம் என்று நினைத்துவிடாதீர்கள். களிமண்ணில் ஈரல் பொம்மை செய்து, கட்டம் கட்டமாகப் பிரித்து, எந்த இடத்தில் என்ன குறி இருந்தால் என்ன பலன் என்று எழுதியே வைத்திருந்தார்கள். அப்படி ஒரு பொம்மை இன்றும் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. சுமார் நாலாயிரம் வருஷத்துக்கு முந்தைய கோச்சிங் சென்டர் மெட்டீரியல்!

அத்தனை ஈரல்களில் சிலவற்றிலாவது நீர்க்கட்டி இருந்திருக்கும். பூசாரி அதற்கும் ஒரு பலன் சொல்லியிருப்பார். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கட்டிக்குள் எதிர்காலம் இருக்கத்தான் செய்தது. வேலை முடிந்து ஈரலை வாசலில் எறிந்தால் அதைத் தின்ன ஒரு நாய் வரும். அந்த நாயைக் கட்டிப்பிடித்து விளையாடிய குழந்தைக்குப் பத்து இருபது வருஷம் கழித்து வயிறு வீங்கும். பூசாரி எடுத்தது சரியான உறுப்பு. கேட்டதுதான் தப்பான கேள்வி.

வில்லனை அறிமுகம் செய்துவிடுகிறேன். எக்கினோகாக்கஸ் கிரானுலோசஸ். ஆளைவிடப் பெயர் நீளம். நாடாப்புழுச் சொந்தக்காரர்கள் மீட்டர் கணக்கில் வளரும்போது இவர் மட்டும் 3 முதல் 6 மில்லிமீட்டரோடு நிறுத்திக்கொண்டார். குடியிருப்பு நாயின் குடல். ஆயிரக்கணக்கில் குடியிருந்தாலும் நாய்க்கு ஒரு தொந்தரவும் இல்லை, அது பாட்டுக்கு வாலாட்டிக்கொண்டிருக்கும்.

முட்டைகள் நாயின் கழிவோடு வெளியே வந்து புல்லில் ஒட்டும். புல்லை ஆடு மேயும். முட்டையிலிருந்து வந்த குட்டிப்புழு ஆட்டின் ஈரலுக்குப் போய், தன்னைச் சுற்றி ஒரு தண்ணீர்ப் பையைக் கட்டிக்கொண்டு செட்டிலாகிவிடும். அந்த ஈரலை நாய்க்குப் போட்டால் வட்டம் முடிந்தது. இந்த நாடகத்தில் நமக்கு வேஷமே கிடையாது. நாயைத் தடவிய கையை வாயில் வைத்துக்கொண்டு, அழைக்காத கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்த கதையாக நாமேதான் நடுவில் நுழைகிறோம். புழுவுக்கும் இதில் நஷ்டம்தான். மனித ஈரலில் வளர்ந்த கட்டியை எடுத்து யார் நாய்க்குப் போடப்போகிறார்கள்? (போட்ட டாக்டர்கள் உண்டு. பின்னால் வருவார்கள்.)

வைத்தியத்தின் தந்தை ஹிப்போகிரட்டீஸ் இதைப் பற்றிச் சொன்னதன் சாரம் இவ்வளவுதான்: தண்ணீர் நிறைந்த ஈரல் உள்ளே உடைந்தால் வயிறெல்லாம் தண்ணீர், ஆள் அவுட். நோய், அதன் போக்கு, முடிவு என மூன்றையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டார். சிகிச்சை? அந்தப் பத்தியே கிடையாது!

அடுத்து ரோமாபுரி வைத்தியர் காலன். அறுத்த விலங்குகளின் ஈரலில் இந்த நீர்ப்பைகள் நிறையக் கிடைப்பதைக் கவனித்தவர். அதற்குப் பிறகு சுமார் 1500 வருஷம், காலனைப் படித்தவர்கள் காலனுக்கு உரை எழுதினார்கள்.

1684-ல் இத்தாலியில் பிரான்செஸ்கோ ரெடி, இந்தப் பைகளுக்கு உயிர் இருக்குமோ என்று சந்தேகப்பட்டார். மெடிச்சி குடும்பத்தின் ஆஸ்தான டாக்டர். டஸ்கனி நாட்டு ஒயின்களைப் புகழ்ந்து நீளமாக ஒரு கவிதையும் எழுதியவர். ஈரல்மீது அவருக்கு அக்கறை வந்ததில் ஆச்சரியம் என்ன?

அப்புறம்தான் கதைக்குள் ஒரு சூப்பர்ஸ்டார் நுழைகிறார். ரெனே லேனெக். ஆமாம், ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்த அதே லேனெக். அது 1816. அதற்குப் பன்னிரண்டு வருஷம் முன்னால், இருபத்து மூன்று வயது இளைஞராக, மனித உடலில் கிடைத்த நீர்ப்பைகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை படித்தார். முடிவு: இவை தனி வகை உயிரினங்கள். இவற்றுக்குத் தலையே கிடையாது. முண்டங்கள்.

தலை இருந்தது. ஒன்றிரண்டு அல்ல, ஒரு பைக்குள் ஆயிரக்கணக்கில். மணல் துகள் மாதிரி அடியில் படிந்திருக்கும் ஒவ்வொன்றும் கொக்கி வைத்த ஒரு குட்டித் தலை. ஜெர்மனியில் கூட்ஸே என்ற பாதிரியார் 1782-லேயே அதை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டார். அடுத்தவர் நெஞ்சுக்குள் கேட்கும் சத்தத்தை வெளியே நின்று படித்துச் சொல்லப்போகிற மேதை, கையிலிருந்த பைக்குள் தலையைக் கோட்டைவிட்டார்!

அவர் கட்சிக்கும் ஒரு நியாயம் உண்டு. சில கட்டிகள் நிஜமாகவே மலடு, தலை உருவாகாமலே பெருத்துப்போகும். லேனெக் கையில் அப்படிப்பட்டவை சிக்கியிருந்தால் அவரைக் குறைசொல்லி என்ன பயன்? ஆனாலும் முண்டப் பட்டம் அறிவியல் பெயராகவே ஒட்டிக்கொண்டு, பல காலம் டாக்டர்கள் அதைப் பவ்யமாக உச்சரித்துக்கொண்டிருந்தார்கள். பெரிய மனிதர் தப்பு செய்தால் அதற்கு ஒரு லத்தீன் பெயராவது கிடைத்துவிடுகிறது.

நாடாப்புழுவுக்கும் நீர்ப்பைக்கும் ஏதோ சொந்தம் என்பது மெல்லப் புரிந்தபோது ஜெர்மனியின் பேராசிரியர் ஃபான் சீபோல்ட் ஒரு விளக்கம் கொடுத்தார். பைப் புழுக்கள் எல்லாம் வழிதவறிய நாடாப்புழுக்களாம். போகவேண்டிய விலங்கை விட்டுவிட்டு வேறொன்றுக்குள் நுழைந்து, அங்கே நீர்கோத்து வீங்கிவிட்டனவாம். கூகுள் மேப்பை நம்பி வயலுக்குள் இறங்கிய கார் கதை!

சைட்டாவ் ஊரில் குக்கென்மைஸ்டர் என்ற டாக்டருக்கு இதைக் கேட்டுக் கோபம் வந்துவிட்டது. இயற்கை காரணமில்லாமல் எதையும் செய்யாது, இத்தனை புழுக்களை வழிதவறவிட அதற்கு என்ன பைத்தியமா என்பது அவர் கட்சி. பாதி அறிவியல், பாதி பக்தி. கடைசியில் ஜெயித்தது அவர்தான். பை என்பது புழுவின் வாழ்க்கையில் ஒரு கட்டாயப் பருவம் என்பதை விலங்குகளுக்கு ஊட்டிக் காட்டினார். மனிதனிடமும் காட்ட வேண்டுமே? 1855-ல் மரண தண்டனைக் கைதி ஒருவருக்கு, அவருக்கே தெரியாமல் சூப்பிலும் சாஸேஜிலும் பன்றி நாடாப்புழுவின் பைகளைக் கலந்து கொடுத்தார். தண்டனை நிறைவேறிய பிறகு குடலைத் திறந்து பார்த்தால், குட்டிப் புழுக்கள்! கடைசி நாள் சாப்பாட்டின் மெனுவை டாக்டர் முடிவு செய்த கொடுமை. எத்திக்ஸ் கமிட்டி என்ற ஒன்று பிறக்க இன்னும் நூறு வருஷம் பாக்கி.

நம்ம ஈரல் கட்டிக்கும் அதே வழிதான். ஆட்டுக் கட்டிகளை நாய்க்கு ஊட்டிக் குட்டி நாடாப்புழுக்களை எடுத்துக் காட்டியவர் யார் தெரியுமா? "வழிதவறிய" சீபோல்டேதான், 1853 வாக்கில். மனிதரிடமிருந்து எடுத்த கட்டியை நாய்க்குப் போட்டு அதையும் நிரூபித்தது 1863. பெர்லினில் ஒருவர், ஐஸ்லாந்தில் ஒரு கோஷ்டி. பெர்லின்காரர் பெர்ன்ஹார்ட் நானின், பிற்காலத்தில் நீரிழிவு ஆராய்ச்சியில் பெரும் புள்ளி. இளமையில் அவர் பார்த்த வேலை, நாய்க்குச் சாப்பாடு வைத்தது.

சரி, உயிரோடு எதிரே படுத்திருக்கும் ஆளின் ஈரலில் இருப்பது இதுதான் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? 1828-ல் பாரிஸில் பிரியான்ஸோன் என்ற டாக்டர் ஒரு வித்தையை விவரித்தார். வீக்கத்தின்மேல் மூன்று விரலை வை. நடு விரலைத் தட்டு. மற்ற இரண்டு விரலிலும் ஜெல்லி அதிர்வது போல ஓர் அதிர்வு வரும். வந்தால் நம்ம நீர்க்கட்டிதான், டாக்டர்கள் பாஷையில் ஹைடாடிட் கட்டி. நம் ஊர் மெடிக்கல் காலேஜ் வைவாவில் இந்த மூன்று விரல் வித்தையைக் கேட்காத பரீட்சகர் அபூர்வம். அந்த அதிர்வை நிஜமாகவே உணர்ந்தேன் என்று சொல்லும் டாக்டர் அதைவிட அபூர்வம்.

பிறகு இத்தாலியின் காஸோனி. ஆட்டுக் கட்டியின் தண்ணீரை வடிகட்டி, நோயாளியின் முன்கைத் தோலுக்குள் துளி ஊசி போடுவார். கொஞ்ச நேரத்தில் தடிப்பு எழும்பினால் கேஸ் பாசிட்டிவ். 1910-களில் ஆரம்பித்த இந்த டெஸ்ட் பல தலைமுறை உலகம் முழுக்க ஓடியது. சின்னச் சிக்கல் இரண்டு. வேறு புழு இருந்தாலும் தடிக்கும். கட்டியை வெட்டி எடுத்த பிறகும், ஆயுசு பூராவும் தடிக்கும். "ஐயா, ஆபரேஷன் முடிஞ்சு இருபது வருஷம் ஆச்சு" என்று தோலிடம் எவ்வளவு கெஞ்சினாலும் அது மறப்பதில்லை.

கண்டுபிடிப்பதே இந்த லட்சணம் என்றால் வைத்தியம் எப்படி இருக்கும்? பாரிஸின் ரெக்காமியே ஒரு முறை வைத்திருந்தார். வீங்கிய இடத்தில், வயிற்றுத் தோலின்மேல், பொட்டாஷ் காரத்தைப் பூசுவது. தோல் வெந்து கருகும். கருகியதை வெட்டிவிட்டு, குழிக்குள் மறுபடியும் பூசுவது. இப்படியே பல நாள். கேட்கவே வயிற்றைக் கலக்குகிறதே, ஆனால் கணக்கு சரியான கணக்கு! காரத்தின் சூட்டில் கட்டியும் வயிற்றுச் சுவரும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பிறகு திறந்தால், தண்ணீர் வயிற்றுக்குள் சிந்தாமல் வெளியே வரும். கிருமிநாசினி இல்லாத காலத்தில் அதைவிடப் பத்திரமான வழி இல்லை. ஐஸ்லாந்தின் வடக்கே டாக்டராக இருந்த யோன் ஃபின்சன் இந்த முறையில் பல பேருக்கு வைத்தியம் பார்த்தார். அத்தனை நாள் பொறுமையாகப் படுத்துக் கிடந்த அந்த விவசாயிகளுக்குத்தான் சிலை வைக்க வேண்டும்.

லண்டன் கைஸ் மருத்துவமனை இன்னும் மாடர்ன். 1870 வாக்கில் ஃபேக், டர்ஹம் என்ற இரண்டு டாக்டர்கள் கட்டிக்குள் ஊசிகளைச் சொருகி, பேட்டரியோடு இணைத்து, கரன்ட் விட்டார்கள். சில கட்டிகள் நிஜமாகவே சுருங்கின. மகிழ்ந்து கட்டுரை எழுதினார்கள். வேலை செய்தது கரன்டா, ஊசி போட்ட ஓட்டையா? இந்தச் சங்கடமான கேள்விக்குப் பதில் வர இன்னும் நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

ஏன் அவ்வளவு தாமதம்? ஊசி என்றாலே எல்லாரும் நடுங்க ஆரம்பித்துவிட்டார்கள். காரணம் இரண்டு. கட்டித் தண்ணீர் கசிந்தால் சிலருக்கு உடம்பே கொந்தளித்து, ரத்த அழுத்தம் விழுந்து, நிமிஷத்தில் உயிர் போகலாம். இரண்டாவது காரணத்தைக் கொண்டுவந்தவர் பிரான்ஸில் ரூவான் நகரத்து ஃபெலிக்ஸ் தேவே. இந்த ஒரே நோய்க்கு வாழ்நாளைத் தாரைவார்த்த மனிதர். சிந்திய ஒவ்வொரு மணல் துகளும் புதிதாக ஒரு கட்டியாக வளரும் என்று 1901 வாக்கில் நிரூபித்தார். ஒன்றை எடுக்கப்போய் நூறை விதைத்த கதை! அன்றிலிருந்து சர்ஜன்களின் வேதவாக்கு: கையை வெட்டினாலும் ஹைடாடிட் கட்டியில் ஊசி குத்தாதே.

அதனால் வயிற்றைத் திறந்து, கட்டியைச் சுற்றித் துணி அடுக்கி, உள்ளே இருப்பவர்களைக் கொல்ல மருந்து ஊற்றினார்கள். பிணத்தைப் பதப்படுத்தும் ஃபார்மலினைக்கூட ஊற்றினார்கள். அது புழுவைக் கொன்றது. கட்டி பித்தக் குழாயோடு தொடர்பில் இருந்தால் குழாயையும் சேர்த்துக் கருக்கியது. வந்த விருந்தாளியை விரட்ட வீட்டையே கொளுத்திய வைத்தியம்.

வேதவாக்கை உடைத்தது யாருடைய வீரமும் இல்லை. அல்ட்ராசவுண்ட் வந்தது. சாதாரணக் கட்டி என்று நினைத்து ரேடியாலஜிஸ்ட்கள் சிலர் ஊசி போட்டுவிட்டு, வந்த தண்ணீரைப் பார்த்த பிறகுதான் அது ஹைடாடிட் என்று தெரிந்து வியர்த்தார்கள். நோயாளியோ ஒன்றும் ஆகாமல் எழுந்து உட்கார்ந்து காபி கேட்டார்! துனிசியாவில் டாக்டர் கர்பி 1981-ல் இந்தக் கட்டிகளை ஸ்கேனில் எப்படி வகைப்படுத்துவது என்று எழுதினார். சில வருஷத்தில் அதே நாட்டிலிருந்து ஊசி முறையும் வந்தது. ஸ்கேன் பார்த்தபடி குத்து, உறிஞ்சு, உப்புக் கரைசலோ ஆல்கஹாலோ செலுத்து, மறுபடி உறிஞ்சு. முன்னும் பின்னும் ஆல்பெண்டசோல் மாத்திரை, பக்கத்தில் அவசர மருந்தோடு ஆள்கள். அவ்வளவுதான்.

சர்ஜன்கள் சும்மா ஒப்புக்கொள்வார்களா? ஸ்ரீநகரில் டாக்டர் குரூவின் குழு 50 நோயாளிகளைச் சரிபாதியாகப் பிரித்தது. பாதிப் பேருக்குக் கத்தி, பாதிப் பேருக்கு ஊசியும் மாத்திரையும். 1997-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் முடிவு வந்தது. பலன் ஏறக்குறைய சமம். ஆனால் ஊசிக்காரர்கள் சராசரியாக நாலு நாளில் வீட்டுக்குப் போனார்கள், கத்திக்காரர்கள் ஏறத்தாழ பதின்மூன்று நாள் ஆஸ்பத்திரிக் கஞ்சி குடித்தார்கள்.

இதையும்விட உலகமகா திருப்பம் ஒன்று உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு இந்தக் கட்டிகளை ஐந்து நிலையாகப் பிரித்திருக்கிறது. இளசான கட்டிக்கு மாத்திரை, ஊசி. உள்ளே குட்டிப் பைகள் அடைத்திருந்தாலோ, உடையும் நிலையில் இருந்தாலோ கத்தி. கடைசி இரண்டு நிலை, அதாவது புழு செத்து, பை கெட்டியாகி, சுண்ணாம்பு படிந்து கிடக்கும் கட்டி தொந்தரவு தராவிட்டால் என்ன செய்ய வேண்டும்? ஒன்றும் செய்யக்கூடாது. அப்பப்போ ஸ்கேன் எடுத்து எட்டிப் பார்த்தால் போதும். காரம், கரன்ட், ஃபார்மலின் எல்லாம் தாண்டி வந்து ஹிப்போகிரட்டீஸின் காலியான சிகிச்சைப் பத்திக்கே திரும்பிவிட்டோம். இந்த முறை காரணம் தெரிந்து.

இவ்வளவு மேதைகள் ஈரலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, வாசலில் படுத்திருந்த ஆசாமியை நேராகப் பார்த்தவர் ஒரு கால்நடை டாக்டர். டென்மார்க்கின் ஹரால்ட் கிராபே. 1863-ல் ஐஸ்லாந்துக்கு அனுப்பினார்கள். அங்கே அப்போது ஆறில் ஒருவருக்கு, ஏழில் ஒருவருக்கு ஈரல் கட்டி என்றெல்லாம் எழுதிக்கொண்டிருந்தார்கள். மிகைதான், பிறகு வந்த கணக்குகள் அதை நிறையக் குறைத்தன. ஆனால் வேறு எந்த நாடும் இந்த விஷயத்தில் மிகைப்படுத்தும் அளவுக்குக்கூட வரவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது.

கிராபே 100 நாய்களின் குடலைத் திறந்து பார்த்தார். 28-ல் நம்ம வில்லன் இருந்தார். ஐஸ்லாந்தில் வீட்டுக்குள்ளேயே ஆள்களோடு ஆளாக நாய், வெளியே ஆடு, ஆட்டை அறுத்தால் கெட்ட ஈரல் நாய்க்கு. புழு இதைவிட வசதியாக ஒரு நாட்டை டிசைன் செய்திருக்க முடியாது. கிராபே ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். 1864-ல் அது ஐஸ்லாந்து வீடுகளுக்கு இலவசமாக விநியோகமானது. சாரம்: கட்டி இருக்கும் ஈரலை நாய்க்குப் போடாதே, எரி அல்லது புதை. நாய்க்குப் பூச்சி மருந்து கொடு. கையைக் கழுவு. நீண்ட குளிர்கால இரவில் வேறு என்ன செய்வது, படிக்கும் பழக்கம் உள்ள மக்கள், படித்தார்கள். எழுதியவர் சும்மா போகவில்லை, ஐஸ்லாந்துப் பெண்ணையே கல்யாணம் செய்துகொண்டார். நரம்பியலில் தன் பெயரையே ஒரு நோய்க்குக் கொடுத்த க்னுட் கிராபே இவர்கள் பையன்தான்.

சட்டமும் வந்தது. 1869-ல் நாய்க்கு வரி. 1890-ல் நாய்க்கு வருஷம் ஒரு முறை கட்டாயப் பேதி மருந்து, கட்டி ஈரலைக் கட்டாயமாக அழிப்பது. குடிசையில் நாய்களை அடைத்து மருந்து கொடுக்கத் தனி ஆள் போட்டார்கள். அந்த உத்தியோகத்துக்கு எவ்வளவு போட்டி இருந்திருக்கும் என்று நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள்.

இதில் நம்ம ஊர்ச் சரக்குக்கும் ஒரு பங்கு உண்டு. இதே நோயோடு மல்லுக்கட்டிய நியூசிலாந்தில் நாய்க் குடலைக் காலி செய்யப் பல வருஷம் பயன்படுத்திய மருந்து அரிக்கோலின். பாக்கில் இருக்கும் அதே சமாச்சாரம். தாம்பூலத்தட்டில் மரியாதையாக உட்கார்ந்திருக்கும் பாக்குக்குக் கடல் தாண்டி இப்படியும் ஓர் உத்தியோகம்!

ஐஸ்லாந்துக்கு வியாபாரமும் உதவியது. கிழட்டு ஆடுகளை வளர்த்து அறுப்பது குறைந்து, சில மாதக் குட்டிகளை அறுக்கும் வழக்கம் வந்தது. கட்டிக்குள் தலைகள் முளைக்க வருஷங்கள் ஆகும். குட்டி ஆட்டின் ஈரலைத் தின்ற நாய்க்குப் புழு கிடைக்கவில்லை. எந்த டாக்டரும் எழுதித் தராத அந்தப் பிரிஸ்கிரிப்ஷனை எழுதியது சந்தை விலை.

தலைநகர் ரெய்க்யவிக் ஒரு படி மேலே போய் 1924-ல் ஊருக்குள் நாய் வளர்க்கவே தடை போட்டது. நோய் ஏறக்குறைய ஒழிந்த பிறகும் தடை மட்டும் வயசான மாமனார் மாதிரி திண்ணையை விட்டு எழவில்லை. 1984-ல் ஒரு வீட்டில் லூசி என்ற நாய் இருப்பதாகப் போலீசுக்குப் புகார் போனது. வீட்டுக்காரர் ஆல்பெர்ட் குட்மண்ட்சன், ஒரு காலத்தில் ஆர்சனலுக்கும் ஏசி மிலானுக்கும் ஆடிய கால்பந்து வீரர். அப்போது அவர் பார்த்துக்கொண்டிருந்த வேலை, நாட்டின் நிதி மந்திரி!

மந்திரி மன்னிப்புக் கேட்கவில்லை. லூசியைக் கொடுப்பதைவிட நாட்டை விட்டே போய்விடுகிறேன் என்றார். அபராதம் விழுந்தது. பட்ஜெட் போடுகிறவரே நாய்க்காக நாடு கடக்கத் தயார் என்றதும் உலகப் பத்திரிகைகள் கொண்டாடின. அதே வருஷம் தடை தளர்ந்தது. லைசென்ஸ் வாங்கி, வருஷா வருஷம் பூச்சி மருந்து கொடுத்தால் நாய் வளர்த்துக்கொள்ளலாம்.

மந்திரி சொன்னபடி நாட்டை விட்டுப் போகவும் செய்தார். 1989-ல், அரசாங்கச் செலவில், பாரிஸுக்குத் தூதராக.